பார்சல் கட்டுவதோடு முடிவதில்லை: நம் பட்டாலியனுக்குத் துணை நிற்க வரும் புதியவர்களுக்கு

ஒவ்வொரு வருடமும் ஆடி முடிந்ததும் புதிதாக நாலைந்து பேர் வந்து, "தீபாவளிக்கு ராணுவத்துக்குப் பலகாரம் அனுப்புறீங்களாமே, நாங்களும் சேரலாமா?" என்று கேட்பார்கள். தாராளமாகச் சேரலாம். ஆனால் பலகாரம் சுட்டுப் பார்சல் கட்டுவது நாங்கள் செய்வதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் இங்கேயே, கடலூரிலும் பாகூர்ப் பக்கத்திலும், வீடு வீடாக நடக்கிற வேலை. அதைச் சொல்லாமல் ஆளைச் சேர்த்துக்கொண்டு, ரெண்டு மாதத்தில் அவர்கள் காணாமல் போய், அந்த வீட்டுக்காரர்கள் "அந்த அக்கா ஏன் வரவே இல்ல?" என்று கேட்டு நாங்கள் பதில் தெரியாமல் நின்றது உண்டு. அதனால் முதலிலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் எடுத்துக்கொண்டது மதராஸ் ரெஜிமெண்டில் ஒரு பட்டாலியன். அதன் எண்ணை இங்கே எழுத மாட்டேன், ஏன் என்பது போகப் போகப் புரியும். 'தத்து' என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்களே தவிர இதற்குக் காகிதமோ ஒப்பந்தமோ கிடையாது, மனசால் எடுத்துக்கொண்டதுதான். ரெஜிமெண்டின் தலைமையிடம் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது, அதன் வரலாறு 1758-இலிருந்து தொடங்குகிறது. அதற்கும் பத்து வருடம் முன்னால், 1748-இல், கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் தலைமை ஏற்க ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் வந்து இறங்கியது நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையில்தான். இதைச் சொன்னால் பையன்களுக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கும், சொல்லுங்கள்.

தொடங்கியது 2011 தானே புயலில். டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. என் வீட்டுக்காரர் அப்போது அந்த பட்டாலியனில் ஹவில்தார், வடக்கே பீல்டில் இருந்தார். எங்கள் தெருவில் இன்னொரு வீட்டிலும் பட்டாலியன் ஆள், கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஓட்டு வீடு, பாதி ஓடு போய்விட்டது, அந்தப் பெண் நிறைமாதம். மூன்று நாள் கழித்து எப்படியோ லைன் கிடைத்துப் பேசினபோது அவள் புருஷனிடம் சொன்னது, "நாங்க நல்லா இருக்கோம், நீங்க சாப்பிட்டீங்களா?" அவ்வளவுதான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கே நாங்கள் மூன்று பெண்கள் தார்ப்பாயும் கயிறும் வாங்கிக்கொண்டு, தெரிந்த ராணுவக்காரர் வீடுகளாகப் போக ஆரம்பித்தோம். பண்ருட்டிப் பக்கம் போனால் முந்திரித் தோப்பு தோப்பாகச் சாய்ந்து கிடந்தது, அதை நம்பித்தான் அந்த வீடுகளில் பாதி. பதினோரு வீடு கண்டுபிடித்தோம். அந்தப் பதினோரு வீடுதான் இன்றைக்கும் எங்கள் நோட்டின் முதல் பக்கம்.

முதல் வேலை, வீட்டுக்குப் போவது

சேர்ந்த உடனே பார்த்துக்கொள்ள உங்களுக்கு ரெண்டு ராணுவக்காரர் வீடு தருவோம். ரெண்டே ரெண்டு, அதற்கு மேல் கேட்டாலும் தர மாட்டோம். மாதத்துக்கு ஒரு தடவையாவது நேரில் போக வேண்டும். போனில் கேட்டால் எல்லாரும் "நல்லா இருக்கோம்" என்றுதான் சொல்வார்கள், நேரில் போனால்தான் மோட்டார் ஓடாததும், மாமியார் ரெண்டு நாளாகச் சாப்பிடாததும் தெரியும்.

முதல் தடவை தனியாகப் போகாதீர்கள், பழைய ஆள் ஒருவரோடு போங்கள். மாமியார் இருக்கிற வீடு என்றால் முதலில் மாமியாரிடம் பேச வேண்டும். மருமகளைத் தேடி வந்தவர்கள் என்று ஆகிவிட்டால் அப்புறம் அந்த வீட்டுக்குள் போக முடியாது. ஆண்கள் தனியாக, அதுவும் சாயங்காலத்துக்கு மேல் போகவே கூடாது. வீட்டில் ஆண் இல்லாத பெண்ணைப் பற்றித் தெரு என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும், நாம் உதவி செய்யப் போய் அவளுக்குப் பேச்சு வாங்கித் தரக் கூடாது. வெறும் கையோடு போகாமல் நாலு வாழைப்பழமாவது வாங்கிக்கொண்டு போங்கள். அதற்கு மேல் வேண்டாம், அந்த வீடுகள் தானம் வாங்குகிற வீடுகள் இல்லை.

கேட்கக் கூடாதவை: சம்பளம் எவ்வளவு, இப்போது எந்த இடத்தில் இருக்கிறார், எப்போது லீவு. லீவு விஷயத்தை அவர்களே சொல்வார்கள். ஜவானுக்கு வருடத்துக்கு 60 நாள் வருட லீவும் 30 நாள் கேஷுவல் லீவும் உண்டு என்றாலும், எப்போது கிடைக்கும் என்பது அவர் கையில் இல்லை. "பொங்கலுக்கு வந்துடுவார்ல?" என்று நாம் ஆசையாகக் கேட்பதுகூட, லீவு கேன்சல் ஆன வீட்டில் புண்ணைக் குத்துகிற மாதிரி.

கேட்க வேண்டியவை: கேஸ் சிலிண்டர் பதிந்தாச்சா, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாச்சா, மழைக்கு வீடு ஒழுகுகிறதா. இப்படிப்பட்ட கேள்விகள்தான் கதவைத் திறக்கும்.

2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரி கிருஷ்ணா நகரில் ராணுவம் இறங்கி, தண்ணீரில் மாட்டியவர்களை வெளியே கொண்டுவந்ததை எல்லாரும் டிவியில் பார்த்தோம். பின்னாலேயே பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தது. நம் நோட்டில் உள்ள ஆறு வீடுகளில் தண்ணீர் ஏறியது, அந்த ஆறு பேரும் எங்கோ ஒரு மலையில் டியூட்டியில் இருந்தார்கள். ஆறு வீட்டுக்கும் ஆள் போனார்கள். யாரிடம் எந்த வீடு என்பது முன்னாலேயே தெரிந்திருந்ததால்தான் முடிந்தது. ரெண்டு வீட்டுக் கணக்கு இதற்காகத்தான்.

யூனிட்டோடு தொடர்பு

புதியவர்கள் நேரடியாக யூனிட்டுக்கு எழுதவோ போன் செய்யவோ வேண்டாம். பட்டாலியனின் தலைமை அதிகாரியான சி.ஓ.வுக்கு வருடத்துக்கு ஒரு கடிதம் குழுவின் சார்பில் போகும், அவர் அனுமதித்ததை மட்டும் அனுப்புகிறோம். ரெண்டு மூன்று வருடத்தில் சி.ஓ. மாறிவிடுவார், புதியவருக்கு மறுபடி முதலிலிருந்து நம்மைப் பற்றி எழுத வேண்டும். அலுத்துக்கொள்ளக் கூடாது. சாமான் விஷயமாக நாங்கள் பேசுவது பெரும்பாலும் சுபேதார் மேஜர் சாப்போடுதான், பட்டாலியனில் ஜவான்களின் நல்லது கெட்டது எல்லாம் அவருக்குத் தெரியும்.

ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. மதராஸ் ரெஜிமெண்டில் தமிழ்ப் பையன்கள் மட்டும் இல்லை. மலையாளி, தெலுங்கர், கன்னடத்துக்காரர் எல்லாரும் ஒரே கம்பெனியில் (பட்டாலியனுக்குள் ஒரு பிரிவு), ஒரே பாரக்கில் படுக்கிறவர்கள். முதல் வருடம் விவரம் தெரியாமல் கடலூர் மாவட்டத்துப் பையன்கள் பெயரை மட்டும் எழுதிப் பார்சல் போட்டோம். என் வீட்டுக்காரர் போனில், "பக்கத்துக் கட்டில்காரனைப் பார்க்க வச்சிட்டு எப்படிப்பா பிரிக்கிறது?" என்றார். அன்றிலிருந்து கம்பெனிக்கு மொத்தமாகத்தான் அனுப்புகிறோம். படா கானா என்கிற பெரிய விருந்து நடக்கிற அன்றைக்கு எல்லாருக்கும் சேர்த்துத் தட்டில் வைப்பார்கள். எங்கள் தட்டையைத் தின்றுவிட்டு கொல்லத்துக்காரர் ஒருவர், தன் அம்மா செய்வதும் இதே மாதிரி இருக்கும் என்று மலையாளத்தில் எழுதின கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதுநகரில் ஒரு சேட்டனிடம் கொடுத்துத்தான் படித்துக்கொண்டேன்.

பார்சல்

முகவரியில் ஊர் பெயர் இருக்காது. ஆர்மி நம்பர், ரேங்க், பெயர், கம்பெனி, யூனிட், அப்புறம் ராணுவத் தபால் நிலையமான 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ., கீழே ஒன்பதில் தொடங்கும் பின்கோடு. பொதுவாக 56 என்றால் வடக்கு மேற்குப் பக்கம், 99 என்றால் கிழக்குப் பக்கம். பட்டாலியன் இடம் மாறினால் இதுவும் மாறும், போன வருடப் பார்சல் அட்டையைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். தனியார் கூரியரில் கொடுத்துப் பயனில்லை, தபால் ஆபீஸ்தான். கவுண்டரில் இருப்பவர் புதியவராக இருந்தால் "ஊர் பேர் இல்லையே?" என்று திருப்பித் தருவார், பொறுமையாக ராணுவத் தபால் என்று சொல்லுங்கள், பக்கத்தில் இருக்கும் பழைய ஆள் வாங்கிக்கொள்வார்.

என்ன அனுப்பலாம் என்பதில் அனுபவம்தான் வழி. முறுக்கு தூளாகிப் போகும், கை முறுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். தட்டை, ரிப்பன் பக்கோடா, கடலை உருண்டை, பொரிவிளங்காய் உருண்டை தாங்கும். அதிரசத்தில் எண்ணெய் நன்றாக வடியாவிட்டால் அட்டைப்பெட்டி ஊறி, பக்கத்தில் இருக்கிற மற்றவர்களின் தபாலையும் கெடுத்துவிடும், அதனால் ரெண்டு நாள் வடியவிட்டுத்தான் கட்ட வேண்டும். பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் எவ்வளவு அனுப்பினாலும் போதாது என்றுதான் கடிதம் வரும். லங்கரில், அதாவது அவர்கள் சமையல்கூடத்தில், சாம்பார் உண்டு, இட்லி தோசையும் உண்டு, ஆனால் நம் வீட்டுக் காரம் கிடைக்காதே. பண்ருட்டி முந்திரி எப்போதும் நல்லது, எடை குறைவு, கெடாது, குளிருக்கும் இதம். பில்டர் காபிப் பொடியைக் காற்று புகாத பையில் ரெண்டு சுற்றாகக் கட்டுங்கள். ஊறுகாய் வேண்டவே வேண்டாம். கருவாடு கேட்டு ஆசையாகச் சில பேர் எழுதுவார்கள், மனசு கேட்காதுதான், ஆனாலும் தபாலில் கூடாது, லீவில் வந்து போகிறவர் கையில் கொடுத்துவிடலாம். தீப்பெட்டி, லைட்டர், பட்டாசு, சென்ட் பாட்டில் எதுவும் தபாலில் போகக் கூடாதவை. குழந்தைகள் ஆசையாக ஒரு கம்பி மத்தாப்பு பாக்கெட்டை உள்ளே வைத்துவிடுவார்கள், கட்டும்போது கண் வையுங்கள்.

தீபாவளிக்குக் குறைந்தது ஐந்து வாரம் முன்னால் தபாலில் சேர்த்துவிட வேண்டும். பனி விழ ஆரம்பித்துவிட்டால் சில இடங்களுக்கு ரோடே அடைத்துவிடும், அப்புறம் நம் பலகாரம் கீழே எங்கேயோ காத்துக் கிடக்கும்.

கூடவே கடிதம் வையுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையால் எழுதினது என்றால் ரொம்ப விசேஷம். "எதிரியைக் கொல்லுங்கள்" என்றெல்லாம் எழுதத் தூண்டாதீர்கள். இன்றைக்கு சில்வர் பீச்சில் மீன் எவ்வளவு விலை, கெடிலத்தில் தண்ணீர் வந்ததா, யார் வீட்டு மாடு கன்று போட்டது என்று எழுதச் சொல்லுங்கள். அதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். பிள்ளையின் முழு முகவரி, போன் நம்பர் வேண்டாம், பெயரும் வகுப்பும் போதும்.

வாயும் போனும்

யூனிட் எண், இருக்கும் இடம், எப்போது எங்கே மாறுகிறது, யார் எந்த ரயிலில் வருகிறார், இவை நான்கும் உங்கள் வாயிலிருந்தோ போனிலிருந்தோ வெளியே போகக் கூடாது. ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது. யூனிபார்மில் இருக்கும் போட்டோவைப் பகிரக் கூடாது, அவர் மனைவியே வைத்திருந்தாலும் நாம் வைக்கக் கூடாது. ஒரு வருடம் பார்சல் பெட்டிகளை அடுக்கிவைத்து எல்லாரும் சேர்ந்து சந்தோஷமாகப் போட்டோ எடுத்துக்கொண்டோம், நான்தான் அதை உறவினர்கள் குரூப்பில் போட்டேன். பெட்டி மேல் யூனிட் எண்ணும் பின்கோடும் தெளிவாகத் தெரிந்தது. அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டாலும் அதற்குள் எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்று யாருக்குத் தெரியும்? அன்று ராத்திரி என்னால் தூங்க முடியவில்லை. இப்போது பெட்டி கட்டுகிற இடத்தில் போன் எடுப்பதில்லை என்பது விதி. புதியவர் பழையவர் என்ற வித்தியாசம் இல்லை.

தெரியாத நம்பரிலிருந்து பெண் குரலிலோ, "நான் ஹெட்குவார்ட்டர்ஸிலிருந்து பேசுகிறேன்" என்றோ யாராவது பட்டாலியனைப் பற்றிக் கேட்டால் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டு எங்களிடம் சொல்லுங்கள். ராணுவக்காரன் என்று சொல்லிக்கொண்டு பழைய வண்டி, பிரிட்ஜ் விற்பதாக இணையத்தில் பணம் பறிக்கிற கும்பலும் இருக்கிறது, நம் வீடுகளில் இருக்கும் பெரியவர்கள் "நம்ம பசங்கதானே" என்று நம்பிவிடுவார்கள். அவர்களிடம் இதைச் சொல்லி வைப்பதும் உங்கள் ரெண்டு வீட்டு வேலையில் சேர்த்தி.

காகிதங்கள்

பொறுமை உள்ளவர்கள் எங்களுக்கு அதிகம் தேவைப்படுவது இங்கேதான்.

ஜவானின் கல்யாணமும் குழந்தை பிறப்பும் யூனிட் வழியாகப் பார்ட் டூ ஆர்டர் என்கிற உத்தரவாக வெளியாகி ரெக்கார்டு ஆபீஸில் பதிவாக வேண்டும். பதிவாகாத மனைவி, ராணுவக் கணக்கில் மனைவியே இல்லை. நம் ஊர்ப் பெயர்களில் பெரிய சிக்கல் இனிஷியல். கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின்னால் புருஷன் இனிஷியல், ஆதாரில் இனிஷியல் பின்னால், ரேஷன் கார்டில் முன்னால், ராணுவக் காகிதத்தில் இனிஷியலே இல்லாமல் பெயரின் ஆங்கில எழுத்து வேறு மாதிரி. அவர் சர்வீஸில் இருக்கும்வரை யாருக்கும் இது உறைக்காது. பென்ஷனுக்கு வந்த அன்றைக்கு, அல்லது அவர் போய்ச் சேர்ந்த அன்றைக்கு, அந்த ஒரு எழுத்து மாதக்கணக்கில் பணத்தை நிறுத்திவிடும். நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு பாட்டி, ஒரு எழுத்துக்காக ஏழு மாதம் அலைந்தார், ஒரு அலுவலகத்தில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காகிதம் கேட்டார்கள். நான் கூடப் போனேன், எட்டாவது தடவைதான் முடிந்தது. அதனால் உங்கள் ரெண்டு வீட்டிலும் முதல் மூன்று மாதத்துக்குள் ஆதார், பான், பேங்க் பாஸ்புக், கல்யாணப் பதிவுச் சான்று, குழந்தைகள் பிறப்புச் சான்று எல்லாவற்றையும் ஒரே மேஜையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் அவர் சர்வீஸில் இருக்கும்போதே திருத்தச் சொல்லுங்கள். காகிதங்களின் நகலை நீங்கள் வைத்துக்கொள்ளக் கூடாது, போட்டோவும் எடுக்கக் கூடாது, பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

ரிட்டயர் ஆனவர் வீடு என்றால் பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்கிற இணைய முறை வழியாக வருகிறது, வருடத்துக்கு ஒரு தடவை உயிர்ச்சான்று கொடுக்க வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு நவம்பரில். விரல் ரேகை விழாத பெரியவர்களை முன்னாலேயே அழைத்துப் போக வேண்டும், கடைசி நாள்வரை விடாதீர்கள். ஓ.டி.பி.யை யாரும் கேட்கக் கூடாது, நீங்களும் கேட்கக் கூடாது. மருத்துவத்துக்கு, முன்னாள் படைவீரர்களுக்கென்று 2003-இல் வந்த ஈ.சி.எச்.எஸ். திட்டத்தின் கார்டு உண்டு. திடீரென்று நெஞ்சுவலி என்று பக்கத்தில் இருக்கிற, பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்குக்குத் தகவல் போக வேண்டும், போகாவிட்டால் செலவுப் பணம் திரும்பி வருவது கஷ்டம். அந்த நேரத்தில் வீட்டில் உள்ளவர்களுக்கு இது ஞாபகம் வராது, அதனால் இது உங்கள் பொறுப்பு.

எந்த அலுவலகம் என்பதில் நம் பக்கம் ஒரு குழப்பம் உண்டு. ரெட்டிச்சாவடி என்றால் தமிழ்நாடு, பாகூர் என்றால் புதுச்சேரி, நடுவில் வயல்தான் இருக்கிறது. முகவரி கடலூர் மாவட்டம் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், அங்கே உதவி இயக்குநரைப் பார்க்க வேண்டும். புதுச்சேரி முகவரி என்றால் அங்கே தனியாகச் சைனிக் நலத்துறை இருக்கிறது, உதவித்தொகைகளும் வேறு. 'முன்னாள்' என்று பலகையில் இருப்பதால் இப்போது சர்வீஸில் இருப்பவர் வீட்டுக்காரர்கள் நமக்கில்லை என்று நினைத்துப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். அவர்களும் போகலாம். விதவைக்கு அடையாள அட்டை தருவதும் அங்கேதான்.

நிலத் தகராறுதான் அதிகமாக வருகிற புகார். ஆள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வரப்பு நகரும். அவர் யூனிட்டில் சொன்னால் சி.ஓ. கலெக்டருக்குக் கடிதம் எழுதுவார், அந்தக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கும்போது அதன் நகலைச் சேருங்கள். கோர்ட் வழக்கு என்றால், போர்ச்சூழலிலோ அது போன்ற சிறப்பு நிலைமையிலோ பணியாற்றுகிற படைவீரர் ஆஜராக முடியாத வழக்கைத் தள்ளி வைக்க 1925-ஆம் வருடத்துச் சட்டமே ஒன்று இருக்கிறது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்று பயப்பட வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்திலுள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

2022-க்குப் பிறகு சேர்ந்த பிள்ளைகள் அக்னிவீரர்கள். நான்கு வருடம்தான், அதில் அதிகபட்சம் 25 சதவீதம் பேர் தொடர்வார்கள். மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, ஈ.சி.எச்.எஸ். இல்லை. முடியும்போது சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் கிடைக்கும். சர்வீஸில் இருக்கும்வரை 48 லட்சத்துக்குக் காப்பீடு உண்டு. லீவும் வருடத்துக்கு 30 நாள்தான். பழைய ஆட்கள் தங்கள் அனுபவத்தை வைத்து இந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்குத் தப்பும் தவறுமாகச் சொல்லிவிடுகிறார்கள், அதை நம்பி வீட்டுக்கு லோன் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அக்னிவீரர் வீடு உங்களுக்கு வந்தால், அவன் திரும்பி வந்து என்ன செய்யப் போகிறான், படிப்பை முடிப்பானா என்று இரண்டாவது வருடத்திலிருந்தே பேச ஆரம்பியுங்கள்.

பணம்

ராணுவத்தின் பெயரைச் சொல்லித் தெருவில் உண்டியல் ஏந்துவது கிடையாது. பலகாரத்துக்கு வேண்டியதைப் பொருளாக வாங்குகிறோம், தபால் செலவைக் குழுவில் இருப்பவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம், கணக்கு நோட்டு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பணமாகத்தான் தருவேன் என்கிறவரைக் கொடிநாள் நிதிக்குத் திருப்பிவிடுங்கள். டிசம்பர் 7, 1949-இலிருந்து நடக்கிறது, கலெக்டர் அலுவலகம் வழியாக ரசீதோடு போய்ச் சேரும்.

கெட்ட செய்தி வருகிற நாள்

டிவியில் கீழே ஒரு வரி ஓடும், 'எல்லையில் சண்டை, வீரர்கள் பலி' என்று. பெயர் இருக்காது. அந்த நிமிஷத்திலிருந்து நம் நோட்டில் இருக்கிற எல்லா வீடுகளிலும் மூச்சு நின்றுவிடும். அப்போது தயவுசெய்து யாரும் போன் செய்து "உங்க வீட்டுக்காரர் அங்கதான இருக்கார்?" என்று கேட்காதீர்கள். லைனை அடைத்துவைக்கிற ஒவ்வொரு போனும், அவரிடமிருந்து வரக்கூடிய போனைத் தடுக்கிறது. நேரில் போங்கள். டிவியை நிறுத்தச் சொல்லுங்கள். அடுப்படியில் போய் டீ போடுங்கள், குழந்தைகளை வெளியே கூட்டிப் போங்கள். "ஒன்னும் ஆகியிருக்காது" என்று சொல்லாதீர்கள், உங்களுக்குத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருங்கள். நான் அப்படிக் காத்திருந்த நாட்களில், பக்கத்து வீட்டு அத்தை ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார், சாயங்காலம் வரைக்கும். அதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

நிஜமான செய்தி யூனிட்டிலிருந்துதான் வரும். அதற்கு முன்னால் உங்களுக்கு வேறு வழியில் தெரிந்துவிட்டாலும் நீங்கள் சொல்லக் கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது.

ஒருவேளை வந்தே விட்டால், முதல் பத்து நாள் அந்த வீட்டில் கூட்டம் நிற்கும், கொடி, மாலை, பெரிய மனிதர்கள் எல்லாம் வருவார்கள். அப்போது நம் வேலை தண்ணீர், சாப்பாடு, வயசானவர்களுக்கு மாத்திரை, கேமரா குழந்தைகள் முகத்துக்கு நேரே வராமல் பார்த்துக்கொள்வது. பதினாறு முடிந்து எல்லாரும் போன பிறகுதான் நாம் நிறைய வேண்டியிருக்கும். பென்ஷன் எந்த வகை என்பதை யாரும் ஊகித்துச் சொல்லாதீர்கள். போரிலோ தீவிரவாதிகளோடு நடக்கும் சண்டையிலோ என்றால் கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தின் அளவுக்கு வருவது, பணியால் ஏற்பட்ட மரணம் என்றால் 60 சதவீதம், மற்றபடி சாதாரணக் குடும்பப் பென்ஷன் என்று வேறு வேறாக இருக்கிறது, எது என்பதை ராணுவம் முடிவு செய்யும். நாம் ஒன்றைச் சொல்லி அது மாறிவிட்டால் அந்தப் பெண் ஏமாற்றப்பட்டதாக நினைப்பாள்.

பணம் வந்ததும் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் பேச்சு நின்றுவிடுகிற வீடுகள் உண்டு. ஒருத்தி பிள்ளையை இழந்தவள், இன்னொருத்தி புருஷனை இழந்தவள், யார் பக்கம் நிற்பது? யார் பக்கமும் நிற்காதீர்கள். இருவரிடமும் தனித்தனியாகப் போய்க்கொண்டே இருங்கள், ஒருவர் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகாதீர்கள். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு வீட்டில் ரெண்டு வருடம் இப்படிப் போனோம். பேத்திக்குக் காது குத்து வந்தபோது மாமியாரே மருமகளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

லீவில் வருகிறவர்

ரயிலில் ரெண்டு மூன்று நாள் உட்கார்ந்து, சென்னை மாறி, விழுப்புரத்திலோ திருப்பாதிரிப்புலியூரிலோ கறுப்பு டிரங்குப் பெட்டியோடு இறங்குகிறவருக்கு வரவேற்பு பேனர் வேண்டாம். ஒரு வாரத்துக்கு அந்த வீட்டுப் பக்கமே போகாதீர்கள். சில பேர் வந்த புதிதில் சத்தம் கேட்டால் திடுக்கிடுவார்கள், ராத்திரி தூங்காமல் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள், குழந்தை கிட்ட வராமல் "இந்த மாமா யாரு?" என்று கேட்கும். அதெல்லாம் அந்த வீட்டுக்குள்ளேயே சரியாக வேண்டியது. நாள் ஆகியும் சரியாகாமல், குடியும் கோபமுமாகப் போகிறது என்று மனைவி உங்களிடம் சொன்னால், அதை வேறு யாரிடமும் சொல்லாமல் குழுவில் மூத்தவர் ஒருவரிடம் மட்டும் கொண்டுவாருங்கள். ராணுவ மருத்துவமனைகளில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள், ரிட்டயர் ஆனவர் என்றால் ஜிப்மர் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் ஆட்கள் கூடவே போய் வருவார்கள்.

இந்த மாதம்

ஆவணி முதல் ஞாயிறு பார்சல் சாமான் பட்டியல் போடுகிறோம். புரட்டாசி தொடக்கத்தில் சனி ஞாயிறு ரெண்டு நாளும் பலகாரம். ரிப்பன் பக்கோடா அச்சு இருப்பவர்கள் எடுத்து வாருங்கள், எங்களிடம் ரெண்டுதான் இருக்கிறது. பழைய அட்டைப்பெட்டி, நல்ல பிளாஸ்டிக் டப்பா, சாக்குத் தைக்கும் கோணி ஊசி வேண்டும். இந்தி எழுதப் படிக்கத் தெரிந்தவர், மலையாளம் படிக்கத் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள், அந்த முதுநகர் சேட்டன் மகள் வீட்டோடு போய்விட்டார், மூன்று கடிதம் படிக்காமல் இருக்கிறது.